பலகையில் இருந்த மருந்து

முதல் அறிகுறியை நான் தேக்கா சந்தையில், ஒரு மீன் கடைக்கு முன்னால் பார்த்தேன். அது அறிகுறி என்று அப்போது தெரியவில்லை. என் மனைவி சுமதி இரண்டு மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்று கொடுவா, மற்றது வவ்வால். கடைக்காரர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பின்னால் நின்றவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஐந்து நிமிடம் கழித்து அவள் என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க" என்றாள்.

இருபத்தாறு ஆண்டுக் குடித்தனத்தில் மீன் வாங்கும் பொறுப்பை அவள் என்னிடம் விட்டதே இல்லை. எனக்குக் கண் பார்க்கத் தெரியாது, செவுள் பார்க்கத் தெரியாது, கடைக்காரர் தலையில் கட்டுவதை வாங்கிக்கொண்டு வருவேன் என்பது எங்கள் வீட்டின் பழைய தீர்ப்பு. அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. வெயில் ஏறுகிறது என்று சொல்லிக் கோழி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி நின்றிருக்கலாம். நான் மருத்துவன் இல்லை. பேருந்துப் பணிமனையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான் செய்த தவற்றை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில், யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருக்கிறது. சுமதி இதைப் படித்துவிட்டாள். இரண்டு இடங்களில் என் எழுத்துப் பிழையைத் திருத்தினாள், வேறெதையும் மாற்றச் சொல்லவில்லை.

சுமதி பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் யானையாகவும் ரயிலாகவும் மாறுகிறவள். மீன் கடைக்குப் பிறகு இரண்டே மாதத்தில் வீட்டில் அவள் குரல் கேட்பது நின்றுபோனது. குளிக்கப் போனால் தண்ணீர்ச் சத்தம் வராது. கதவைத் தட்டித் திறந்தால், கவிழ்த்த வாளியின் மேல் உடுத்த துணியோடு உட்கார்ந்திருப்பாள். குழம்பில் உப்பு சரியா என்று கேட்டால் தெரியவில்லை என்பாள். பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுத அவளுக்கு மூன்று நாள் ஆனது.

பாலிகிளினிக்கில் (அரசு மருந்தகம்) ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு சரி, சர்க்கரை சரி, இரும்புச் சத்து கொஞ்சம் குறைவு. அங்கிருந்து மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் இளம் சீனப் பெண் மருத்துவர் இருந்தார். எங்கள் மகன் கதிரைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம். ஒரு மணி நேரம் பேசிவிட்டு, இது மனச்சோர்வு நோய் என்றார்.

சோர்வு என்ற சொல்லை நம்பி நான் ஏமாந்தேன். சோர்வு என்றால் ஓய்வெடுத்தால் போய்விடும் என்றுதானே நினைப்போம். சுமதியை லங்காவித் தீவுக்கு அழைத்துப் போனேன். மூன்று நாளும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் மாத்திரையை எட்டு வாரம் கொடுத்தார்கள். வாய் உலர்ந்தது, வேறெதுவும் நடக்கவில்லை. இரண்டாவது மாத்திரையைப் படிப்படியாக ஏற்றினார்கள். கை நடுங்கியது. அதனுடன் இன்னொன்றைச் சேர்த்தார்கள், எடை கூடியது. வாரம் ஒரு முறை மனநல ஆலோசகரிடமும் போய்வந்தாள். ஓராண்டு இப்படியே ஓடியது. இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் குறையாவிட்டால் அதற்கென்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: சிகிச்சைக்கு இணங்காத மனச்சோர்வு. சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளையைப் பற்றி வகுப்பாசிரியர் புகார் எழுதியது போல எனக்குப் பட்டது. சுமதி எல்லாவற்றுக்கும் இணங்கித்தான் இருந்தாள். கையை நீட்டச் சொன்னால் நீட்டுவாள், விழுங்கச் சொன்னால் விழுங்குவாள்.

இங்கே சுமதியின் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தைக்குச் சுமதி ஒரே பிள்ளை. இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவரைப் பாசிர் ரிஸ்ஸில் முதியோரைப் பராமரிக்கும் ஒரு தாதிமை இல்லத்தில் சேர்த்திருந்தோம். நாங்கள் இருப்பது புக்கிட் பாஞ்சாங். தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனை. இருந்தாலும் சுமதி ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை. வழியில் லிட்டில் இந்தியாவில் இறங்கி, அம்மாவின் சாமி படத்துக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டுதான் போவாள்.

நோய் வந்த பிறகு அவளால் போக முடியவில்லை. செருப்பு மாட்டி வாசல்வரை வருவாள், பிறகு உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குப் பதிலாக நான் போனேன். "சுமதி வரலயா மாப்பிள்ளை?" என்று அத்தை ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பார். பள்ளியில் வேலை என்று நானும் ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வேன்.

இல்லத்தில் மாலைத் தேநீருடன் இரண்டு கிரீம் பிஸ்கட் கொடுப்பார்கள். அத்தை அதைத் தின்னாமல் டிஷ்யூ தாளில் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்து, சுமதிக்குக் கொடுக்கச் சொல்லி என் கையில் திணிப்பார். முதல் சில வாரம் கொண்டுவந்து கொடுத்தேன். சுமதி அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பிறகு நானே தின்றுவிட்டேன். ரயிலில் தின்றால் அபராதம். அதனால் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள கல் மேசையில் உட்கார்ந்து தின்றுவிட்டு மேலே போவேன்.

அந்த மார்ச் மாதம் மருத்துவர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, மின் அதிர்வு சிகிச்சை (மயக்கம் கொடுத்து மூளைக்குச் சிறிதளவு மின்சாரம் செலுத்துவது). சுமதி தலையை ஆட்டி மறுத்தாள். பல மாதங்களில் அவள் வேண்டாம் என்று சொன்ன ஒரே விஷயம் அதுதான். இரண்டாவது கெட்டமின் (அறுவை சிகிச்சையில் மயக்கத்துக்குத் தரும் மருந்து). மிகக் குறைந்த அளவில், ரத்தக் குழாய் வழியே நாற்பது நிமிடம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்களாம். மற்ற மருந்துகள் வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் வேலையை இது சிலருக்குச் சில நாட்களில் செய்யுமாம். எல்லாருக்கும் பலிக்கும் என்று உறுதி இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

மருத்துவர் அந்தப் பெயரைச் சொன்னதும் நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன். காரணம் இருக்கிறது.

பதினெட்டு ஆண்டுகளாக நான் போதைப்பொருள் ஒழிப்புத் தொண்டூழியன் (சம்பளம் வாங்காத தொண்டன்). பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், சமூக மன்றம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். கூடவே ஒரு பலகையும் வரும். கண்ணாடிக்குப் பின்னால் மாதிரிப் பொட்டலங்களை ஒட்டியிருப்பார்கள், ஒவ்வொன்றின் கீழும் பெயர் இருக்கும். மேல் வரிசையில் மூன்றாவது, வெள்ளைத் தூள், கெட்டமின். அடிக்கோலால் அதைத் தட்டிக் காட்டி, ஒரு தடவை தொட்டால் போதும், உங்கள் வீடு அழிந்துவிடும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். தூங்கி வழிகிற பையனும் அந்தத் தட்டலில் எழுந்துவிடுவான்.

நான் அந்த வேலைக்குப் போனது என் தம்பி பாலுவால். அவன் தொட்டது வேறு தூள். மறுவாழ்வு நிலையத்துக்கு நான்கு முறை போய்வந்தான். ஐந்தாவது முறை போக அவன் உயிரோடு இல்லை. பாதி மூடிய கண்ணோடு சோபாவில் சரிந்து கிடந்த அவன் முகம்தான் எனக்குள் இன்னும் இருக்கிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?

சுமதி என்னைப் பார்த்து, "நீங்க சொன்னா சரி" என்றாள். மீன் கடையில் பார்த்த அதே முகம். அவளால் முடிவெடுக்க முடியவில்லை என்பதுதான் அவள் நோய் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் மருத்துவரிடம் வேண்டாம் என்றேன். இன்னொரு மாத்திரை பார்க்கலாம் என்றேன். அவர் கொடுத்த விளக்கத் தாளை வெளியே வந்ததும் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

ஆகஸ்ட் மாதம் அத்தை இறந்தார். நுரையீரலில் சளி கட்டி, நான்கே நாளில் முடிந்துவிட்டது. கடைசிச் சனிக்கிழமையும் பிஸ்கட் கொடுத்தார்.

மண்டாய் தகனச்சாலையில் பேரன் என்ற முறையில் கதிர் சடங்குகளைச் செய்தான். சுமதி ஓரமாக நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பெட்டி உள்ளே நகர்ந்தபோது எல்லாரும் கைகூப்பினார்கள், அவளும் கூப்பினாள், எல்லாரும் இறக்கியபோது இறக்கினாள். பெற்ற தாய்க்கு அழாத மகளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று உறவுக்காரப் பெண்மணி ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. சுமதிக்கும் கேட்டிருக்கும். எனக்குத்தான் வலித்தது. அவளுக்கு வலிக்கவில்லை என்பது அதைவிடப் பயமாக இருந்தது.

துக்கம் நடந்த வீடு என்பதால் அந்த ஆண்டு தீபாவளி இல்லை. விளக்கில்லை, பலகாரமில்லை, புதுத்துணியில்லை. சுமதிக்கு அந்த வித்தியாசம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

ஜனவரியில் அவள் சாப்பாட்டை நிறுத்தினாள். ஒரு நாள் மதியம் கஞ்சிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, "நான் இல்லாட்டி நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா இருப்பீங்க" என்றாள். கோபமோ அழுகையோ இல்லாமல், கடையில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பைத்தியம் மாதிரிப் பேசாதே என்று அதட்டினேன். இந்த வாக்கியத்தை உங்கள் வீட்டில் கேட்டால் தயவுசெய்து அதட்டாதீர்கள். பக்கத்திலேயே இருங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்தவன் கதிர். வேலையிடத்திலிருந்து ஓடிவந்து, அவளுக்கு ஒரு மேலங்கியைப் போட்டுவிட்டு, டாக்சி பிடித்தான்.

அவளை வார்டில் சேர்த்தார்கள். மருத்துவர் மறுபடி கெட்டமினைப் பற்றிப் பேசினார். அவர் போன பிறகு தாழ்வாரத்தில் வைத்துக் கதிர் என்னைப் பிடித்துக்கொண்டான். மார்ச்சில் நான் மறுத்தது அவனுக்கு அன்றுவரை தெரியாது.

"அப்பா, இது மெடிசின் லா. டாக்டர் பக்கத்துல நின்னு குடுக்கறது."

எனக்குத் தெரியும் என்றேன்.

"சித்தப்பா செத்துட்டார்ப்பா. அம்மா இன்னும் இருக்காங்க" என்றான்.

அவன் குரலை உயர்த்தவில்லை. நான் வார்டுக்குள் போய், போட்டுக்கொள்ளலாம் சுமதி என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். மருத்துவர் எனக்காகக் காத்திருக்காமல், ஒவ்வொரு வரியையும் அவளிடமே மெதுவாகப் படித்துக் காட்டி, அவளிடமே கையெழுத்து வாங்கினார்.

அப்போதும் என் புத்தி போகவில்லை. வழியில் போலீஸ் யாராவது நிறுத்தி, போதைப்பொருள் இருக்கிறதா என்று அவளுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தால் என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் சிரிக்காமல், இது சிகிச்சை என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இன்றுவரை யாரும் எங்களை நிறுத்தவில்லை.

பிப்ரவரி முதல் வாரம் சிகிச்சை தொடங்கியது. வாரம் இரண்டு முறை. சாய்வு நாற்காலி, கையில் ரத்த அழுத்தப் பட்டை, விரலில் கிளிப் (உடலில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி). பக்கத்தில் ஒரு மலாய்த் தாதி. இரத்த அழுத்தம் ஏறலாம், வாந்தி வரலாம், உடம்பு தன்னுடையது இல்லை என்று தோன்றலாம், அது கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்று அவர் முன்கூட்டியே சொன்னார்.

பத்தாவது நிமிடம் சுமதி தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். "என் கை கதவுகிட்ட இருக்குங்க" என்றாள். பிறகு அவள் கண்கள் பாதி மூடின, விழி மெதுவாக அங்குமிங்கும் அசைந்தது, வாய் லேசாகத் திறந்துகொண்டது. பாலுவின் முகம். அப்படியே பாலுவின் முகம். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். தாழ்வாரத்தில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மீதி அரை மணி நேரத்தைக் கழித்தேன். உள்ளே தாதிதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அடுத்த முறையிலிருந்து நான் நகரவில்லை.

அந்த நாற்பது நிமிடம் எப்படி இருந்தது என்று பிறகு கேட்டேன். ஒரு முழுப் பள்ளித் தவணை (பத்து வாரம்) போல இருந்தது என்றாள். கூரை கீழே வந்து அவளைத் தாண்டிப் போனதாம். பயமாக இருந்ததா என்றால், பயப்பட அங்கே ஆள் இல்லை என்றாள்.

முதல் முறை ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் ஒன்றும் இல்லை. வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறை முடிந்து ஓய்வறையில் உட்கார்ந்திருந்தபோது கீழே போய் அவளுக்குத் தேநீர் வாங்கி வந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "டீ ஆறிப்போச்சு. எங்க நின்னு பேசிட்டு வந்தீங்க?" என்றாள். ஓராண்டுக்கு மேல் எதைப் பற்றியும் குறை சொல்லாத வாய். நான் ஓட்டமாக ஓடி இன்னொரு டீ வாங்கி வந்தேன். அதையும் குறை சொன்னாள், இனிப்பு அதிகமாம்.

நான்காவது முறைக்கு மறுநாள் சனிக்கிழமை. தேக்காவுக்குப் போகலாமா என்று அவளே கேட்டாள். மெதுவாகச் சந்தையைச் சுற்றிவிட்டு, பஃபலோ ரோட்டில் பூக்கடைப் பக்கம் வந்தோம். பூக்கட்டும் அம்மாள் அவளை அடையாளம் கண்டு, ரொம்ப நாளாக ஆளையே காணோமே என்றார். சுமதி பையைத் திறந்துகொண்டே, "ஒரு முழம் மல்லி குடுங்க. அம்மாவோட சாமி படத்துக்கு" என்றாள்.

சொல்லி முடித்ததும் அவள் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, எங்கம்மா செத்துட்டாங்க" என்றாள். எனக்கு அப்போதுதான் செய்தி சொல்வது போலச் சொன்னாள்.

பிறகு அழுதாள். நடைபாதையில், பூக்கூடைகளுக்கு நடுவே, வாய்விட்டு. பூக்கட்டும் அம்மாள் தன் முக்காலியைத் தூக்கிப் போட்டு அவளை உட்கார வைத்தார். சுற்றுலா வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். பதினைந்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை. மருந்து ஏதோ செய்துவிட்டது என்று நான் பயந்து, மருத்துவமனையில் கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்தேன். மருத்துவரே பேசினார். என்ன சொல்லி அழுகிறாள் என்று கேட்டார். அம்மாவைச் சொல்லி என்றேன். சாக வேண்டும் என்கிறாளா என்று கேட்டார். இல்லை என்றேன். அழட்டும், துணைக்கு இருங்கள், திங்கட்கிழமை பார்க்கிறேன் என்றார்.

நான் குணமாவது என்றால் சிரிப்பது என்று நினைத்திருந்தேன். என் மனைவிக்கு முதலில் திரும்பி வந்தது துக்கம். அதுவரை துக்கப்படும் இடமே அவளுக்குள் பூட்டிக் கிடந்திருக்கிறது.

அடுத்த பல வாரங்கள் அம்மாவைப் பற்றியே கேட்டாள். கடைசியில் என்ன சாப்பிட்டார், மூச்சுத் திணறியதா, என்ன புடவையில் அனுப்பினோம். புடவை அவள் கண்ணெதிரே கட்டியது, மற்றதை அப்போதே நான் சொல்லியிருந்தேன், ஆனால் எதுவும் அவளிடம் இல்லை. அம்மா என்னைக் கேட்டார்களா என்றாள். ஒவ்வொரு வாரமும் கேட்டார் என்றேன். பிஸ்கட்டைப் பற்றியும் சொன்னேன். நானே தின்றதையும் சொன்னேன். எத்தனை வாரம் என்றாள். எண்ணவில்லை என்றேன். அன்று என்னோடு சேர்ந்து சாப்பிட உட்காரவில்லை.

பெரியதைச் சொல்ல எனக்கு ஏப்ரல் ஆகிவிட்டது. நானாகச் சொல்லவில்லை, அவள்தான் கேட்டாள். அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தோம்.

"இந்த மருந்து முன்னாடி இல்லயா? போன வருஷமெல்லாம்?"

அந்த மார்ச்சில் அவளும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், அதுவும் அவள் நினைவில் தங்கவில்லை. யாரும் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். கதிரும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டான்.

"இருந்துச்சு. மார்ச் மாசம் டாக்டர் சொன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்."

அவள் கை அவரைக்காயிலேயே இருந்தது. "அப்ப அம்மா இருந்தாங்க" என்றாள்.

"ஆமா."

"அஞ்சு மாசம் இருந்தாங்க."

பாலுவை நினைத்துப் பயந்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். அந்த நேரத்தில் அது வெறும் சாக்காகத்தான் கேட்டிருக்கும். அவள் எழுந்து உள்ளே போனாள்.

ஒன்பது நாள் என்னிடம் பேசவில்லை. நோய் வந்தபோதும் இப்படித்தான் பேச்சு நின்றது. இது நோயா, என் மேல் உள்ள வெறுப்பா என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அவள் குளிக்கிறாளா, தட்டில் சோறு மிஞ்சுகிறதா என்று திருடனைப் போல நோட்டம் விட்டேன். குளித்தாள். சாப்பிட்டாள். பாத்திரத்தை மட்டும் ஓங்கி வைத்தாள். அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் என் பயத்தைச் சொன்னேன். அவர் சுமதியைப் பார்த்தார். சுமதி இத்தனை மாதத்தில் முதல் முறையாக ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினாள். எனக்கு இப்போது உடம்புக்கு ஒன்றும் இல்லை, இவர் மேல் கோபமாக இருக்கிறேன், கோபப்படக்கூட எனக்கு உரிமை இல்லையா என்று கேட்டாள். மருத்துவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். இது நல்ல செய்தி என்று என்னிடம் சொன்னார். நான் நல்ல செய்தியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிறகு பேசினாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பலகையைத் தொண்டூழியர் குழுவிடம் திருப்பிக் கொடுத்தேன். ஒருங்கிணைப்பாளர், மருந்தாகத் தருவதும் தெருவில் விற்பதும் ஒன்றா, நீங்கள் தொடர்ந்து வரலாமே என்றார். பிள்ளைகளிடம் அந்த வித்தியாசத்தையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தபோது வருகிறேன் என்றேன். இன்னும் தெரியவில்லை.

கெட்டமின் சுமதியைக் குணப்படுத்திவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். அதன் பலன் தேயும். வாரம் இரண்டு என்று தொடங்கி மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று ஆனதை ஜூன் மாதம் ஆறு வாரமாகத் தள்ளிப் பார்த்தார்கள். ஐந்தாவது வாரமே அவள் மறுபடி வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இப்போது பழையபடி மூன்று வாரம். மாத்திரையும் தொடர்கிறது. மருந்து சிறுநீர்ப்பையைப் பாதிக்காமல் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கிறார்கள். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டால், மருத்துவர் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறார். என் உடம்பும் பழையபடி இல்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை என் தோள் இறங்குவதில்லை.

ஆகஸ்டில் அத்தைக்கு முதலாண்டுத் தெவசம் கொடுத்தோம். ஐயர் எள்ளும் தண்ணீரும் விடச் சொல்லி, வருஷம் முடிந்தது, இனி நல்ல காரியங்கள் செய்யலாம், தீபாவளி கொண்டாடலாம் என்றார். எனக்கு நெஞ்சு லேசானது. அக்டோபரில் சிராங்கூன் சாலையில் அலங்கார விளக்குகளைக் கட்டியதும் நான் யாரையும் கேட்காமல் தனியாகப் போய், கதிருக்கு ஒரு ஜிப்பாவும் சுமதிக்கு நாவல்பழ நிறத்தில் ஒரு பட்டுப் புடவையும் வாங்கி வந்தேன். ஒரு தீபாவளி போய்விட்டதே, இதையாவது நன்றாகக் கொண்டாட வேண்டும் என்று ஆசை.

சுமதி புடவையைப் பிரித்து, கரையைத் தடவிப் பார்த்தாள். நல்லா இருக்கு என்றாள். பிறகு அதை மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தாள்.

"இந்த வருஷம் வேணாங்க. எங்கம்மா செத்து எட்டு மாசம்தானே ஆகுது."

பதினான்கு மாதம் என்று என் வாய்வரை வந்தது. நாள்காட்டி அவள் தலைக்குப் பின்னால்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பூக்கடையிலிருந்து எண்ணிப் பார்த்தேன். எட்டு மாதம் சரிதான்.

அதனால் இந்த ஆண்டும் எங்கள் வீட்டில் விளக்கில்லை. பக்கத்து வீட்டு அக்கா, இன்னுமா துக்கம் என்று கேட்டார். ஆமாம், இன்னும் முடியவில்லை என்றேன். வரும் பிப்ரவரியில், அவள் அழுத அந்தச் சனிக்கிழமையில், அம்மாவுக்கு மறுபடி படைக்க வேண்டும் என்கிறாள். இரண்டாவது முறை கொடுக்கும் வழக்கம் இல்லை, திதியும் அது இல்லை என்று ஐயர் கையை விரித்துவிட்டார். நாங்களே படைத்துக்கொள்கிறோம் என்றேன்.

படையலுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி நேற்று என்னிடம் கொடுத்தாள். வாழையிலை, ஒரு முழம் மல்லிகை, கொடுவா மீன் (அதை அவளே வாங்குவாளாம்). கடைசி வரியில் இரண்டு கிரீம் பிஸ்கட் என்று இருந்தது. நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அத எடுத்துச் சாப்பிட்டுடாதீங்க" என்றாள். "அது எனக்கு."